லோடு வண்டிக்கு எந்த டயர், எவ்வளவு காற்று?

மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பக்கம் விடியற்காலையில் வரிசையாக நிற்கும் பிக்கப் வண்டிகளின் பின் சக்கரங்களைக் குனிந்து பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வண்டிகள்தான். ஆனால் ஒன்றில் நீளக் கோடு போட்ட சாதா டயர் இருக்கும், பக்கத்து வண்டியில் கட்டம் கட்டமாகப் புடைத்த முரட்டு டயர் இருக்கும். ஒன்று அடியில் பிதுங்கி நிற்கும், இன்னொன்று சுமையே ஏறாதது போல் விறைப்பாக நிற்கும்.

புதிதாக பிக்கப் வாங்குபவர்கள் டயரைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்வி. ஆல் டெரெய்ன் போடலாமா, ஹைவே டயரே போதுமா? காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? முதல் கேள்விக்கு வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள், நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். இரண்டாவதைப் பஞ்சர் கடைத் தம்பியின் கையில் விட்டுவிடுகிறார்கள். "அண்ணே, எவ்வளவு வைக்கட்டும்?" "எப்பவும் வைக்கிறதை வை தம்பி." அத்தோடு முடிந்தது. இது தலைகீழ் என்பது என் கருத்து. டயரைச் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் தேர்ந்தெடுக்கிறோம். காற்றை வாரா வாரம், சொல்லப்போனால் சுமை மாறும் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கிறோம். எவ்வளவு நல்ல டயரையும் தவறான காற்று ஒரே கோடையில் முடித்துவிடும்.

சுமையைத் தாங்குவது ரப்பர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் அதற்குள் ஓடும் நூல், கம்பி அடுக்குகளும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கின்றன, தரையைப் பற்றுகின்றன. சக்கரத்தின் மேல் சுமை ஏற ஏற, டயர் அடியில் தட்டையாகித் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகும். காற்றழுத்தம் கூடினால் அதே சுமைக்கு அந்தப் பரப்பு சுருங்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

கோடு போட்டதும் கட்டம் போட்டதும்

சாலையில் போகும் இரண்டு வண்டிகளைக் கவனியுங்கள். அரசுப் பேருந்தின் முன் டயரில் சுற்றிலும் நேரான பள்ளக் கோடுகள் ஓடும். உள்ளே காற்று 100 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகுதான் பிஎஸ்ஐ). டிராக்டரின் பின் டயரில் ஆழமான, சாய்ந்த கட்டைகள் இருக்கும். வயல் வேலையின்போது அதில் பொதுவாக 20 பிஎஸ்ஐகூட இருக்காது. ஒன்று தாருக்காகவே பிறந்தது, மற்றது சேற்றுக்காக. பிக்கப் டயர்கள் இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கின்றன.

ஹைவே டயர், சுருக்கமாக எச்டி, பேருந்துப் பக்கம் சாய்ந்தது. பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர் புடைப்புகள், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இருக்கும், பள்ளங்கள் ஒடுங்கியவை. தார் சாலையில் அதிக ரப்பர் தரையைத் தொடுவதால் பிரேக் நன்றாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, உருளுவதற்கு எஞ்சின் செலவிடும் சக்தியும் குறைவு. மழைத் தண்ணீரை அந்த நீளப் பள்ளங்கள் பின்னால் தள்ளிவிடும்.

ஆல் டெரெய்ன், அதாவது ஏடி, டிராக்டர் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. பட்டன்கள் பெரிய தனித்தனிக் கட்டைகள், நடுவில் அகலமான இடைவெளி. சரளையில் கட்டைகளின் விளிம்பு கல்லைக் கவ்வும், மண்ணில் ஊன்றும். பட்டன் பகுதியின் ஓரமான தோள்பட்டையிலும் கட்டைகள் இறங்கியிருக்கும். நல்ல ஏடி டயரில் பள்ளத்தின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். சிக்கிய கல்லை உள்ளே துளைக்க விடாமல் வெளியே தள்ளுவதற்கு வைத்தவை அவை. இதற்கெல்லாம் விலை உண்டு. டயர் கனம், டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். வேகத்தில் ஒரு 'ஊ…' சத்தம் வரும், தேயத் தேய அந்தச் சத்தம் வளரும். நனைந்த வழவழப்பான தாரில் பிரேக் அடித்தால், அதே தரத்து எச்டி டயரைவிடப் பெரும்பாலும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

எம்டி என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு, முழுக்கச் சேற்றுக்கானது. தினமும் சுமை ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்கு அது வேண்டியதில்லை.

கடையில் கேட்கும்போது பிராண்டு பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அப்போலோவின் அப்டெர்ரா என்ற ஒரே பெயரில் ஏடியும் உண்டு, எச்டியும் உண்டு. யோகோஹாமாவின் ஜியோலேண்டரிலும் அப்படித்தான். பெயருக்குப் பின்னால் நிற்கும் அந்த இரண்டு எழுத்துதான் வகையைச் சொல்லும். டயரின் பக்கச் சுவரான சைடுவாலில் 'எம் பிளஸ் எஸ்' என்று இருக்கிறதே, அது சேறும் பனியும் என்பதன் சுருக்கம். பட்டன் அமைப்பை வைத்துக் கம்பெனியே போட்டுக்கொள்ளும் குறி அது, அதை மட்டும் நம்பி ஏடி என்று முடிவு கட்ட வேண்டாம். மலைப் படத்துக்குள் பனிச்செதில் வரைந்த குறி குளிர் நாட்டுப் பனிச்சாலைக்கான சோதனையில் தேறியது என்று பொருள். மதுரையில் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

நம்ம ஊர் சாலைக்கு எது?

ஒரு மாதம் வண்டி ஓடும் கிலோமீட்டரில் எத்தனை பங்கு தார், எத்தனை பங்கு மண் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். மனக்கணக்குப் போதும். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றி மாட்டுத்தாவணி வருபவர், திண்டுக்கல்–மதுரை–விருதுநகர் என்று நான்குவழிச் சாலையிலேயே காய்கறி அடிப்பவர், நகருக்குள் சிமெண்டு, கம்பி இறக்குபவர், இவர்களுக்கெல்லாம் பத்தில் ஒன்பது பங்கு தார்தான். தோட்டத்துக்குள் போகும் கடைசி ஒரு கிலோமீட்டர் வண்டிப்பாதைக்காக ஏடி போட்டால், மிச்ச வழி முழுக்க அதற்கான டீசலையும் பிரேக் தூரத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இவர்களுக்கு எச்டி போதும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலூர், கீழவளவு பக்கம் குவாரிக்குள் போய் வருபவர் கதை வேறு. உடைந்த கிரானைட் சில்லுகள் கூர்மையானவை. ஒடுங்கிய பள்ளமுள்ள எச்டி டயரில் அவை சிக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அதைவிட ஆபத்து சைடுவால் கிழிவது. பட்டன் பகுதியில் ஓட்டை விழுந்தால் அடைக்கலாம், சைடுவால் கிழிந்தால் டயரே போச்சு. இங்கே தடித்த சைடுவாலும் இறங்கிய தோள்பட்டையும் உள்ள ஏடி தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். நத்தம், அழகர்கோயில் பக்க மாந்தோப்புகளுக்குள் தினமும் செம்மண் சரளையில் ஏறி இறங்கும் வண்டிக்கும் ஏடி நியாயம்தான். சிறுமலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வாழைத்தார் இறக்குபவர் தார் சாலையில்தான் போகிறார், மலை என்ற பெயருக்காக ஏடி வேண்டாம். தோட்டத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் கரிசல் காட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் கரிசல் பாதையில் வண்டியை இறக்கினால், இரண்டு சுற்றிலேயே பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளமெல்லாம் களிமண் அப்பி, டயர் மொழுக்கென்று ஆகிவிடும். எச்டிதான் இப்படி ஆகும், ஏடி போட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நம்பி இறங்குகிறார்கள். ஏடி இடைவெளி அகலம் என்பதால் கொஞ்ச தூரம் கூடுதலாகப் போகும், பிறகு அதுவும் அடைத்துக்கொள்ளும். பின் சக்கரத்துக்கு மட்டும் இழுவை உள்ள பிக்கப்பில் எந்த டயர் போட்டாலும் முழுச் சுமையோடு ஈரக் கரிசலில் இறங்கக் கூடாது. ஒரு நாள் வெயில் காய்ந்த பிறகு போங்கள், அல்லது டிராக்டரை வைத்துச் சாலைக்குச் சரக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம் சீமைக்கருவேல முள். கண்மாய்க் கரையில் போகும் எந்த வண்டிக்கும் இது பொது. ஏடி டயரின் கட்டைகள் தடிப்பாக இருந்தாலும் முள் இறங்குவது கட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில், அங்கே ரப்பர் மெல்லிசுதான். ட்யூப்லெஸ் டயரில் முள் ஏறியது தெரிந்தால் பாதையிலேயே பிடுங்காதீர்கள். பெரும்பாலும் அந்த முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். மெதுவாகக் கடை வரைக்கும் ஓட்டி வந்து அங்கே பிடுங்குங்கள்.

சைடுவாலில் எழுதியிருப்பதைப் படிப்போம்

வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஈரத்துணியால் சைடுவாலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பொலேரோ குடும்பத்தில் பரவலாகக் காணும் ஓர் அளவு 215/75 ஆர் 15. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். சைடுவாலின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது 161 மில்லிமீட்டர் சொச்சம். ஆர் என்றால் ரேடியல் என்ற கட்டமைப்பு வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸில் 145 ஆர் 12 எல்டி என்று இருக்கும், சதவீதம் தனியாக எழுதியிருக்காது. எல்டி என்பது சுமை வண்டிக்கான கட்டமைப்பு என்று சொல்கிறது. சில கம்பெனிகள் அதே பொருளில் கடைசியில் 'சி' என்று போடும்.

அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். யாரும் பார்க்காமல் விடுவது இதைத்தான், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900, 108 என்றால் 1000, 112 என்றால் 1120 கிலோ. எழுத்து வேக வரம்பு: 'என்' என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர், 'க்யூ' 160, 'எஸ்' 180. '112/110' என்று இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது ஒரே பக்கம் இரண்டாகச் சேர்த்து மாட்டும் ஜோடிச் சக்கரத்துக்கு.

இந்த எண் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். காலியாக 1700 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்னச்சில் 1000, பின்னச்சில் 700. பின் டயர் ஒன்றுக்கு 350 கிலோதான். இப்போது 1300 கிலோ சரக்கு ஏற்றுகிறோம். பெட்டி ஏறக்குறைய பின்னச்சின் மேலேயே இருப்பதால் 1100 கிலோ பின்னால் போகும், முன்னால் 200 மட்டும். பின்னச்சு 1800, டயர் ஒன்றுக்கு 900. காலி வண்டியில் 350 தாங்கிய டயர் இப்போது அதைப்போல இரண்டரை மடங்கு தாங்குகிறது. 100 எண் போட்ட டயர் 800 கிலோவோடு நின்றுவிடும். 104 எண் டயர் விளிம்பில் நிற்கும், பள்ளத்தில் குதிக்கும்போது மிச்சம் வைக்காது. 108 இருந்தால் கொஞ்சம் நிம்மதி.

ஆல் டெரெய்ன் வாங்குபவர்கள் வழுக்கும் இடம் இதுதான். ஒரே 215/75 ஆர் 15 அளவில் ஆள் ஏற்றும் எஸ்யூவிக்கான ஏடி டயரும் கிடைக்கும், சுமை வண்டிக்கான எல்டி டயரும் கிடைக்கும். பார்வைக்கு முதலாவதும் முரட்டுத்தனமாகவே இருக்கும். கட்டைகளின் முரட்டுத்தனத்துக்கும் சுமை தாங்கும் திறனுக்கும் சம்பந்தமில்லை. வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்த டயரின் சுமை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், அதற்குக் குறைந்த எண்ணுள்ள எந்த டயரையும் வாங்காதீர்கள். 6 பிஆர், 8 பிஆர் என்று போட்டிருப்பதும் கட்டமைப்பின் பலத்தைச் சொல்வதுதான். எண் கூடக் கூட அதிகக் காற்றைத் தாங்கும்.

ஒரு சுற்று பெரிய டயர் போடலாமா என்றும் கேட்பார்கள். 215/75 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் 703 மில்லிமீட்டர் சொச்சம். அதே ரிம்மில் 235/75 போட்டால் 733. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி கூடுவது வெறும் 15 மில்லிமீட்டர். ஆனால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83க்கு மேல் ஓடும். சுமையோடு மேடு ஏறும்போது இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசலாம். சுமை வண்டிக்கு இது நட்டக் கணக்கு. கம்பெனி அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுக்குள்ளேயே இருங்கள்.

கடையை விட்டு வருமுன் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம், ஒரு பக்கத்துச் சைடுவாலில் மட்டும்கூட இருக்கலாம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். (மேலூர் போகும் வழியில் வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலை இருப்பதால், மதுரையிலேயே செய்த டயர் கிடைக்குமா என்று சிலர் ஆசையோடு கேட்பதுண்டு. அந்த ஆலையின் பெயர் இரு சக்கர வண்டி டயர்களுக்கும் விவசாய, தொழில் வாகன டயர்களுக்கும்தான்.)

காற்று

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இல்லாவிட்டால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்குக் காலியாக எவ்வளவு, முழுச் சுமையில் எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் எண். சைடுவாலில் 'மேக்ஸ்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே நிரப்புபவர்கள் இருக்கிறார்கள். அது அந்த டயருக்கான உச்ச வரம்பு, உங்கள் வண்டிக்கான அளவு இல்லை.

மேலே போட்ட கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், முன்னுக்கும் பின்னுக்கும் ஏன் வேறு வேறு எண், காலிக்கும் சுமைக்கும் ஏன் வேறு வேறு எண் என்பது விளங்கிவிடும். சுமைக்கு வைத்த காற்றோடு காலி வண்டியை ஓட்டினால், பின் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையைத் தொடும். பின்பக்கம் துள்ளும், மழையில் வளைவில் வால் வீசும், நடுப் பட்டன் சீக்கிரம் தேயும். காலிக்கு வைத்த காற்றோடு சுமை ஏற்றுவது இன்னும் மோசம். ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் மடங்கி விரியும், அந்த மடிப்பு சூடாக மாறும். சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையின் தார் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். குறைந்த காற்று, கூடுதல் சுமை, தொடர்ந்த வேகம் மூன்றும் சேர்ந்தால் உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பட்டன் பட்டையே உரிந்து சாலையோரம் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் அதிகம் என்று காற்றைக் குறைத்து வைப்பது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். அது சூட்டைக் கூட்டும்.

தினமும் போகும்போது சுமை, வரும்போது காலி என்றால் என்ன செய்வது? ஒவ்வொரு நடைக்கும் காற்றை ஏற்றி இறக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் அன்றைக்கு ஏற்றப்போகும் அதிகபட்சச் சுமைக்கான எண்ணையே வையுங்கள், காலியாக வரும்போது, முக்கியமாக மழையில், வேகத்தைக் குறையுங்கள். வாரக்கணக்கில் சுமையே இல்லை என்றால் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பார்க்க வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும்போது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், வெயில் படாமல் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு வாசலில் விடிகாலையில் பார்ப்பதுதான் சரி. அதற்கு ஒரு நல்ல கேஜ் உங்களிடமே இருக்க வேண்டும், செலவு சில நூறு ரூபாய்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் அழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ கூடும். விருதுநகரிலிருந்து ஓட்டிவந்து மத்தியானம் பார்த்தால் ஐந்தாறு கூடுதலாகக் காட்டலாம். அதைப் பார்த்துப் பதறிக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அந்த டயர் குறைந்த காற்றோடு நிற்கும். சூடான டயரில் காற்றை இறக்கவே வேண்டாம்.

கொடைக்கானலுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். மேலே குளிர், காற்று இறங்கிவிடுமே என்று. மதுரையில் 38 டிகிரி, மேலே 18 டிகிரி என்றால் குளிரால் 4 பிஎஸ்ஐ வரை குறையும், உண்மைதான். ஆனால் கொடைக்கானல் 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 3 பிஎஸ்ஐ குறைவு. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை என்பதால் அந்த 3 திரும்பி வந்துவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். மேலே போய் எதையும் தொட வேண்டியதில்லை.

சாதா டயரிலிருந்து எல்டி வகை ஏடிக்கு மாறினவர்கள் ஸ்டிக்கர் எண்ணை அப்படியே வைக்கக் கூடாது. எல்டி டயர் அதே சுமையைத் தாங்க, பொதுவாகக் கூடுதல் காற்று கேட்கும். அதன் முழுத் திறன் 65 பிஎஸ்ஐ போன்ற உயர்ந்த அழுத்தத்தில் கிடைப்பது, சாதா டயருடையது 35 அளவிலேயே கிடைத்துவிடும். எவ்வளவு சுமைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை டயர் கம்பெனிகளிடம் உண்டு. டீலரிடம் உங்கள் அளவுக்கான அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அட்டவணைப்படி வைத்தது சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. வழக்கமான சுமையோடு வண்டியைச் சமதளமான தாரில் நிறுத்துங்கள். பின் டயரின் பட்டன் மேல், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை, சாக்பீஸால் தடிப்பாக ஒரு கோடு போடுங்கள். நேராக இருபது முப்பது மீட்டர் மெதுவாக உருட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்து இரு ஓரங்களிலும் வெள்ளை நின்றால் காற்று அதிகம். ஓரங்கள் அழிந்து நடுவில் வெள்ளை நின்றால் குறைவு. இரண்டு மூன்று பிஎஸ்ஐ மாற்றி மறுபடி போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரோ அட்டவணையோ சொன்னதற்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். அதே டயர் பல மாதம் ஓடித் தேய்ந்த பிறகும் இதே மொழியில்தான் பேசும்: நடுத் தேய்வு அதிகக் காற்று, இரு ஓரத் தேய்வு குறைந்த காற்று. ஒரே ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட்டைப் பார்க்க வேண்டும், திட்டுத் திட்டாகத் தேய்ந்தால் பேலன்சிங், ஷாக் அப்சார்பர்.

மணலில் சிக்கினால் காற்றை இறக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சரிதான், காலி வண்டிக்கு. 18, 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் படியும் பரப்பு நீளவாக்கில் கூடி, மணலுக்குள் புதையாமல் மேலேறி வரும். அந்தக் காற்றோடு 20, 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகக் கூடாது, ஸ்டியரிங்கைச் சடாரென்று ஒடிக்கக் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தாருக்கு ஏறுமுன் திரும்ப நிரப்பியாக வேண்டும். கையில் சின்ன கம்ப்ரஸர் இல்லாதவர்கள் இதை முயற்சி செய்யவே வேண்டாம். சுமை ஏற்றிய வண்டியில் காற்றை இறக்குவது கூடவே கூடாது. முதலில் சரக்கை இறக்குங்கள்.

நைட்ரஜன் பற்றி ஒரு வார்த்தை. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கடையில் அடிக்கும் நைட்ரஜன் உலர்ந்த வாயு என்பதால் அழுத்தம் கொஞ்சம் நிதானமாக நிற்கும், அவ்வளவுதான். நைட்ரஜன் அடித்த டயரில் சாதாக் காற்றைச் சேர்க்கக் கூடாது என்று நினைத்து, குறைந்த காற்றோடு நைட்ரஜன் கடையைத் தேடி ஓட்டிப்போவதுதான் ஆபத்து. கிடைத்ததை அடியுங்கள்.

வாரம் ஒருமுறை அழுத்தம் பார்க்கும்போதே வால்வு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி இல்லாத வால்வுக்குள் கரிசல் தூசி போய் உட்கார்ந்தால் மெல்லக் கசியும். ஒரே டயரில் வாரா வாரம் இரண்டு மூன்று குறைந்தால், வால்வு மேலும் பட்டன் மேலும் சோப்புத் தண்ணீரை ஊற்றிக் குமிழ் வருகிறதா என்று கவனியுங்கள். பள்ளங்களுக்குள் குறுக்காக இருக்கும் தேய்மானக் குறியின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் என்றால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் ஜோடியாகப் பின்னச்சில் போடுங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்வில் இருக்க வேண்டும்.

ஸ்டெப்னியை மறந்துவிடுவார்கள். வண்டிக்கு அடியில் தூசியோடு தொங்கிக்கொண்டிருக்கும் அதிலும் மாதம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். அதில் பின் டயருக்கு முழுச் சுமையில் சொன்ன எண்ணை வைத்துவிடுங்கள். முன்னால் மாட்ட நேர்ந்தால் வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். நடுராத்திரியில் கொட்டாம்பட்டி தாண்டி, சரக்கோடு நிற்கும்போது ஏற்றிக்கொள்ள வழியிருக்காது.